தோல் படாத தண்ணீர்

மூடி வைத்த எதையும் திறந்து பார்க்காமல் ஜெபதாஸால் இருக்க முடியாது. அது ஒரு வியாதி என்றே அவர் மனைவி ஜெயலீலா சொல்லிவந்தாள். கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரம் பாளையங்கோட்டையிலேயே அவர் கையால் உயிரை விட்டது. அமெரிக்கா வந்து ரிச்சர்ட்சன் ஊரில் குடியேறிய முதல் வாரத்தில் டோஸ்டர் மூன்று முறை பிரிந்து மூன்று முறை சேர்ந்தது. "இந்த மனுசன் பரலோகத்துக்குப் போனாலும் வாசல் கதவுக்குக் கீல் எப்படி மாட்டிருக்குன்னு பாத்துட்டுதான் உள்ள போவாரு" என்று சபையில் எல்லோரிடமும் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். ஜெபதாஸும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் கீலைப் பார்க்காமல் ஒருத்தன் எப்படி உள்ளே போவான் என்பது அவருக்கு உண்மையிலேயே புரியாத விஷயம்.

ஜெயலீலா டாலஸில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் அவள் முதலில் வந்தாள். இரண்டு வருஷம் கழித்து இவர் வந்தார். அந்த வட்டாரத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் பாதிக்கு மேல் இதே கதைதான்: பெண் வேலையோடு வந்திருப்பாள், ஆண் பெட்டியோடு வந்திருப்பான். தூத்துக்குடி உரக் கம்பெனியில் ஐந்து வருஷம் பைப் ஃபிட்டராக இருந்து சம்பாதித்த பெயரெல்லாம் விமானம் ஏறும்போதே கழன்று விழுந்துவிட்டது. இங்கே அவர் "ஜெயலீலா ஹஸ்பண்ட்". போனில் கூட அப்படித்தான் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. கோபப்படுகிற ஆள் இல்லை அவர். ஆனாலும் மனுஷன்தானே, உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

வேலை ஒரு சிப் கம்பெனியில், தண்ணீர் அறையில். சிலிக்கான் தகடுகளைக் கழுவுகிற தண்ணீரில் உப்பு, மண், கிருமி எதுவும் இருக்கக்கூடாது. அந்தத் தண்ணீரை ஏழெட்டு வடிகட்டிகளில் ஏற்றி இறக்கிச் சுத்தம் செய்கிற குழாய்களுக்கெல்லாம் ஜெபதாஸ்தான் காவல். எந்த மூட்டில் ஒரு சொட்டுக் கசிந்தாலும் அவருக்குத் தெரியும். ஆகவே, எண்பத்தாறு ஏப்ரலில் மேல்மாடி என்ஜினியர் கஸ்தூரிரங்கன் தண்ணீர் அறைக்கே இறங்கிவந்து, "ஜெபதாஸ், உங்களால ஒரு ஃபேவர் ஆகணும்" என்றபோது, குழாய் சமாச்சாரம்தான் என்று சொல்லாமலே புரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். கஸ்தூரிரங்கனும் அவர் சிநேகிதர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து, ஊருக்கு வடக்கே முக்கால் மணி நேரத் தூரத்தில் ஏழு ஏக்கர் வாங்கியிருந்தார்கள், கோயில் கட்ட. இப்போதைக்கு ஒரு தகரக் கொட்டகையும் அதில் ஒரு பெருமாள் விக்கிரகமும்தான் கோயில். நைவேத்தியம் பண்ணவும் ஞாயிற்றுக்கிழமை வருகிற கூட்டத்துக்குச் சமைக்கவும் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து ஒரு சமையல்காரர் வருகிறார். பெயர் பிச்சுமணி. அவருக்கு விசா வாங்க இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் தங்குவதற்கு ஒரு பழைய ட்ரெய்லர் வாங்கி நிறுத்தியாயிற்று. அடுப்பு உண்டு, கட்டில் உண்டு, குளியலறை கூட உண்டு. தண்ணீர் மட்டும் இல்லை.

"வாட்டர் கனெக்‌ஷன் குடுத்துட்டேள்னா போதும். எங்கள்ல ஒருத்தருக்கும் ஸ்பேனர் எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாது" என்றார் கஸ்தூரிரங்கன். மனுஷர் உண்மை பேசுகிறாரே என்று ஜெபதாஸுக்குப் பிடித்துப்போயிற்று.

சனிக்கிழமை போய்ப் பார்த்தார். ட்ரெய்லரைக் கண்டதும் பிள்ளைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. இருபத்திரண்டு அடி நீளத்தில் ஒரு வீட்டையே மடக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குத் தண்ணீர் வர இரண்டு வழி. ஒன்று, அடியில் இருக்கிற தொட்டியை நிரப்பிவிட்டால், உள்ளே இருக்கிற சின்ன மோட்டார் டர்ரென்று இறைத்துக் குழாய்க்கு அனுப்பும். இன்னொன்று, பக்கவாட்டில் ஒரு பித்தளை வாய். ஊர்க் குழாயிலிருந்து ஹோஸை நேராக அதில் முறுக்கிவிட்டால், மோட்டார் இல்லாமலே தண்ணீர் வரும். ஆனால் ஊர்க் குழாய் முந்நூறு கஜம் தள்ளி ரோட்டோரமாகப் போயிற்று. அதை வாங்க மனுப்போட வேண்டும், மீட்டர் வைக்க வேண்டும், பள்ளம் தோண்ட வேண்டும். பக்கத்திலேயே ஒரு கிணறும், காற்றில் சுற்றுகிற பழைய இரும்புக் காற்றாடியும், அது இறைத்து ஊற்றும் சிமென்ட் தொட்டியும் இருந்தன. கை எட்டுகிற தூரத்தில் கிணறு இருக்க, ரோட்டுக்கு எதற்கு ஓட வேண்டும்? தொட்டியிலிருந்து ட்ரெய்லருக்கு ஒரு குழாய் இழுத்தார். ஒரே நாளில் வேலை முடிந்தது.

மறுவாரம் பிச்சுமணி வந்து இறங்கினார். ஐம்பது வயசு, ஒல்லி உடம்பு, காதில் கடுக்கன், நிற்கிற இடத்தில் நில்லாத கண். ட்ரெய்லருக்குள் ஏறினார், எல்லா அலமாரியையும் திறந்தார், மூடினார். கடைசியில் குழாயின் முன்னால் நின்றார். திறக்கவில்லை.

"இதுக்குள்ள தோல் இருக்கோ?" என்று கேட்டார்.

கஸ்தூரிரங்கன் சங்கடமாகச் சிரித்தார். ஜெபதாஸ் சிரிக்கவில்லை. ஆசாரக்காரர்கள் ஒரு காலத்தில் குழாய்த் தண்ணீரையே தொடமாட்டார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அந்தக் காலக் குழாய்களில் கசிவை அடைக்கத் தோலில் வெட்டிய வாஷர்தான் போடுவார்கள். மாட்டுத் தோல் பட்ட தண்ணீரில் சுவாமிக்கு எப்படிச் சமைப்பது? அது பழைய கதை என்று எல்லோரும் விட்டாயிற்று. பிச்சுமணி விடவில்லை.

"எனக்குப் பதினேழு வயசுல எடுத்த விரதம். நான் சாப்பிடறதுல கூட அப்பப்போ கண்ணை மூடிப்பேன், ஆனா பெருமாள் தளிகைக்குத் தோல் பட்ட ஜலம் எடுக்கமாட்டேன். இதை விசா வரும் முன்னாடியே இவாகிட்டச் சொல்லியாச்சு. தோல் இருக்குன்னு என்னிக்குத் தெரியறதோ, மறுநாள் பிளேன் ஏறிடுவேன். அதுல மாத்தமே இல்லை."

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது மாமா" என்றார் கஸ்தூரிரங்கன். முகத்தில் இரண்டு வருஷ விசாக் கவலை அப்படியே தெரிந்தது.

"இருக்காதுங்கறது வேற, இல்லைங்கறது வேற" என்றார் பிச்சுமணி.

ஜெபதாஸுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்தது. தன் இனத்தைச் சேர்ந்த ஆள் இவர் என்று அந்த நிமிஷமே முடிவுகட்டிவிட்டார். பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார். குழாய்த் தலையைக் கழற்றினார். ஹோஸின் மூட்டு, ஷவர், சின்ன மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருந்த வாஷர்களை ஒரு தட்டில் வரிசையாக வைத்தார். எல்லாம் ரப்பர். பிச்சுமணி குனிந்து ஒவ்வொன்றையும் நகத்தால் கீறிப் பார்த்தார். அது போதாதென்று ஒன்றைக் குறட்டில் பிடித்துத் தீக்குச்சி கொளுத்திக் காட்டி, மூக்கை நீட்டினார்.

"தோலா இருந்தா மயிர் கருகற நாத்தம் வரும். இதுல டயர் நாத்தம்னா வரது."

"ஆமா சாமி."

"சரி, தண்ணி வர வழி பூரா நீங்கதான் பார்த்திருக்கேள். தோல் இல்லைன்னு ஒரு சத்தியம் பண்ணிடுங்கோ."

"எங்க சபையில சத்தியம் பண்ணக் கூடாது சாமி. இருந்தா இருக்கும்பேன், இல்லன்னா இல்லம்பேன். அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது."

பிச்சுமணி அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "அப்போ சொல்லுங்கோ."

"தோல் இல்ல சாமி."

"போதும். ஜெபதாஸ் இல்லைன்னா இல்லைதான்" என்று சொல்லிவிட்டுப் பிச்சுமணி குழாயைத் திறந்தார்.

அமெரிக்காவுக்கு வந்து ஆறு வருஷத்தில் ஜெபதாஸின் பேரைச் சொல்லி, அதன் மேல் பாரத்தையும் வைத்த முதல் ஆள் பிச்சுமணிதான். அன்று வீட்டுக்குக் காரோட்டிப் போகும்போது ஜெபதாஸ் ஃப்ரீவேயில் எக்ஸிட்டைத் தவறவிட்டார். அத்தனை சந்தோஷம்.

அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் அங்கே ஆஜர். ஏதாவது ரிப்பேர் என்று சாக்கு. ரிப்பேர் இல்லாவிட்டாலும் சாப்பாடு உண்டு. பிச்சுமணியின் புளியோதரைக்கு முக்கால் மணி நேரம் என்ன, மூன்று மணி நேரம் கூட ஓட்டலாம். சாப்பாட்டைவிடக் கேள்விகள்தான் அதிகம். பிச்சுமணி எதைத்தான் கேட்கமாட்டார்? சபையில் ராப்போஜனத்துக்கு அப்பமும் ரசமும் எப்படிக் கொடுப்பார்கள், அந்த ரசம் எந்தத் திராட்சை, நர்ஸ் வேலையில் ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள், சிப் என்றால் வறுத்த உருளைக்கிழங்குக்கும் அதுதானே பெயர், இதைத் தின்ன முடியுமோ.

"உங்க கம்பெனித் தண்ணி ரொம்பச் சுத்தம்கறேளே, அதை ஒரு சொம்பு கொண்டுவரப்படாதோ? பெருமாளுக்கு ஆகுமே."

"அது குடிக்க ஆகாது சாமி. ஒரு ருசியும் இருக்காது. வயித்துக்கும் ஒத்துக்காது."

"ருசியே இல்லாத ஜலத்துக்கா இவ்வளவு பாடு?" என்று பிச்சுமணி ரொம்ப நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் கிணறு மக்கர் பண்ணியது. காற்றாடி என்னவோ சுற்றியது, தொட்டியில் விழுந்த தண்ணீர் மட்டும் பூனை மூத்திரம் மாதிரி இருந்தது. ஜெபதாஸுக்குக் கை பரபரத்தது. இந்தக் கிணற்றின் அடியில் என்ன இருக்கிறது என்று அவர் இன்னும் பார்த்ததே இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் டேல் என்ற கிழவரைக் கூப்பிட்டார். இந்த நிலமே ஒரு காலத்தில் டேலுடையது, காற்றாடி அவருடைய அப்பா நட்டது. இருவருமாகக் கப்பி கட்டி, கிணற்றுக்குள் போகிற நீளக் கம்பியைத் துண்டு துண்டாக மேலே இழுத்தார்கள். கடைசித் துண்டின் நுனியில் ஒரு பித்தளைக் கட்டை வந்தது. அதில் கிண்ணம் கவிழ்த்த மாதிரி, கறுத்துத் தேய்ந்து, ஓரம் கிழிந்த ஏதோ ஒன்று.

ஜெபதாஸ் அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். தேய்க்க வேண்டிய அவசியமே இல்லை. பாளையங்கோட்டையில் தெருவுக்குத் தெரு அடிபம்பு உண்டு, அதற்குள் இதே கிண்ணம் உண்டு. பக்கெட் வாஷர் என்பார்கள். அவர் கையாலேயே ஐம்பது மாற்றியிருப்பார். மாட்டுத் தோல்.

டேல் உற்சாகமாகச் சொன்னார், அதைவிட நல்ல சரக்கு எதுவும் கிடையாதாம், பிளாஸ்டிக் எல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாதாம், தன் வண்டியில் புதுசு இரண்டு இருக்கிறதாம். ஜெபதாஸின் காதில் பாதிதான் விழுந்தது. அமெரிக்கா என்றால் எல்லாம் ரப்பரும் பிளாஸ்டிக்குமாகத்தான் இருக்கும் என்று நினைத்தானே, இந்த மடையன். அடிபம்பில் தோல் இருப்பது தெரிந்த கை, காற்றாடிப் பம்பும் அதே பம்புதான் என்று யோசிக்கவில்லையே. தரைக்கு மேலே இருந்ததையெல்லாம் கழற்றிக் காட்டிவிட்டு, தரைக்குக் கீழே இருப்பதைப் பார்க்காமலே இல்லை என்று சொல்லியாயிற்று. நாலு மாசமாகப் பெருமாளுக்கு இந்தத் தோல் இறைத்த தண்ணீரில் சாதம் வெந்திருக்கிறது, தன் ஒரு வார்த்தையை நம்பி.

"என்ன கிடைச்சது?" என்று ட்ரெய்லர் ஜன்னலிலிருந்து பிச்சுமணியின் குரல் வந்தது.

ஜெபதாஸ் அந்தத் தோல் கிண்ணத்தைப் பேன்ட் பைக்குள் திணித்தார். "மண்ணு அடைச்சிருக்கு சாமி" என்றார்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் சொல்லும் பொய் காது வரைக்கும் சிவக்கும். நல்ல வேளை, ஜன்னல் தூரத்தில் இருந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வழியெல்லாம் யோசனை. உண்மையைச் சொன்னால் மறுநாள் பிச்சுமணி விமானம் ஏறிவிடுவார். அவர் சொன்ன சொல் மாறுகிற ஜாதி இல்லை. சொல்லாமல் விட்டாலோ, தினமும் அந்த மனுஷரின் விரதத்தைத் தானே கெடுத்துக்கொண்டிருப்பதாக ஆகும். இரண்டுக்கும் நடுவில் ஒரே வழிதான் இருந்தது: ட்ரெய்லரை ஊர்க் குழாயில் மாட்டிவிடுவது. திங்கட்கிழமை கஸ்தூரிரங்கனிடம் போய், கிணற்றை இனி நம்ப முடியாது, ரோட்டுத் தண்ணீருக்கு உடனே மனுப்போடுங்கள் என்றார். பிச்சுமணியிடம் மூன்று வாரம் கிணற்றுத் தண்ணீரைச் சமையலுக்குத் தொட வேண்டாம் என்று சொன்னார். ஏன், எதற்கு என்று ஐம்பது கேள்வி வரும் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தார்.

"சரி. நான் டேல் ஆத்துக் குழாய்லேர்ந்து எடுத்துக்கறேன். அது ரோட்டுத் தண்ணிதான்" என்றார் பிச்சுமணி. அவ்வளவுதான். ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. உப்புப் பொட்டலத்தில் எழுதியிருப்பதைக்கூட எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அர்த்தம் கேட்கிற மனுஷர். ஜெபதாஸுக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் கேட்காத வரைக்கும் லாபம் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை ரோட்டோரம் மீட்டர் வைத்தாயிற்று. பள்ளம் தோண்டுகிற மெஷினை வாடகைக்கு எடுத்துவந்து, ஜெபதாஸ் ஒற்றை ஆளாக வேலையைத் தொடங்கினார். மண் சுத்தக் கரிசல். கோவில்பட்டிப் பக்கத்து மண்ணை யாரோ கப்பலில் ஏற்றிவந்து கொட்டிய மாதிரி, வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரிசலின் குணம் அவருக்குத் தெரியும். மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், நடுவில் மாட்டிய குழாயை முறித்துப் போடும். ஆகவே பள்ளத்தில் அரை அடிக்கு மணலைப் பரப்பி, அதன் மேல் குழாயைப் படுக்கவைத்து, மறுபடியும் மணலால் மூடிக்கொண்டே போனார்.

பாதி தூரம் வந்திருப்பார். பள்ளத்துக்குக் குறுக்கே ஒரு ஒற்றையடிப் பாதை போவதைப் பார்த்தார். ட்ரெய்லர் வாசலிலிருந்து கிளம்பி, மேய்ச்சல் நிலத்தை நேராக வெட்டி, அரை மைல் தள்ளியிருந்த டேலின் வீட்டுக்குப் போயிற்று. டேல் வீட்டிலிருந்து தண்ணீர் எடுக்கப் பிச்சுமணி நடக்கிற பாதை, அதில் அதிசயம் என்ன? ஜெபதாஸ் மெஷினை நகர்த்தினார். பிறகு நிறுத்தினார். இறங்கிப் போய் அந்தப் பாதையில் உட்கார்ந்து, விரலால் தடவினார். புல் வேரோடு செத்து, மண் தளம் போட்டது போல இறுகிக் கிடந்தது. மூன்று வாரம் நடந்தால் புல் படுக்கும், மஞ்சளாகும். இப்படி மொட்டையாகாது. இது மூன்று வார நடை இல்லை.

அவரால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? அந்தப் பாதையிலேயே நடந்து டேல் வீட்டுக்குப் போனார். டேல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பிச்சுமணி எப்போதிலிருந்து வருகிறார் என்று கேட்டார் ஜெபதாஸ். ஜூனிலிருந்து என்றார் டேல். தினமும் விடியும் முன்னால், இரண்டு வாளி, மழை என்றாலும் வருவாராம். ஒரு நாள் காற்றாடிக்குக் கிரீஸ் போடப் போனபோது, கிணற்றுக்குள்ளே என்ன இருக்கிறது என்று உங்கள் சமையல்காரர் கையால் சைகை காட்டிக் கேட்டார், நான் காலைத் தூக்கி என் தோல் பூட்ஸைத் தட்டிக் காட்டினேன், மறுநாள் காலையிலிருந்து வாளியோடு இங்கே நிற்கிறார் என்றார்.

ஜெபதாஸ் திரும்பி நடந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஜூனிலிருந்து செப்டம்பர். அரை மைல் போக, அரை மைல் வர. ஐம்பது வயசு உடம்பு. அந்த வாளிகளை நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. இவ்வளவும் தெரிந்துகொண்டு, அந்த மனுஷர் சனிக்கிழமை சனிக்கிழமை எதிரே உட்கார்ந்து சோறு போட்டிருக்கிறாரே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ட்ரெய்லர் வரைக்கும் குழாயைக் கொண்டுவந்து, பள்ளத்தை மூடி, நுனியில் ஒரு குழாய்த் தலையை நிறுத்தினார். அழுத்தமானியை மாட்டிப் பார்த்தால் நூற்றுப் பத்துப் பவுண்டு காட்டியது. ட்ரெய்லரின் குழாய்கள் அதில் பாதியைக்கூடத் தாங்காது, மூட்டுக்கு மூட்டு பிடுங்கிக்கொண்டு பீய்ச்சும். அழுத்தத்தைக் குறைக்கிற பித்தளை ரெகுலேட்டரை முறுக்கி, நாற்பதுக்கு இறக்கினார். வண்டல் போகும் வரைக்கும் தண்ணீரைத் திறந்துவிட்டார். குடிதண்ணீருக்கென்று விற்கிற வெள்ளை ஹோஸை எடுத்து, ஒரு நுனியை ரெகுலேட்டரிலும் மறு நுனியை ட்ரெய்லரின் பித்தளை வாயிலும் முறுக்கினார்.

"திறங்க சாமி" என்றார்.

உள்ளே குழாய் இரண்டு தரம் இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு கம்பியாக விழுந்தது. டர்ரென்ற மோட்டார் சத்தம் இல்லை. பிச்சுமணி கையை நீட்டி அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் விரல் நடுவே ஓடவிட்டார். வாஷரைக் காட்டு என்று கேட்கவில்லை. நெருப்புப் பெட்டியையும் தேடவில்லை. ஒரு பித்தளைப் பானையை அடியில் வைத்தார்.

ஜெபதாஸ் ட்ரெய்லர் வாசற்படியில் உட்கார்ந்தார். நின்றுகொண்டு சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

"சாமி, அந்தக் கிணத்துல..."

"தெரியும்."

"நான் பாக்காம சொல்லிட்டேன் சாமி. இல்லன்னு சொன்னேன். இருந்திருக்கு."

"தெரியும்னேனே." பிச்சுமணி அடுப்பைப் பற்றவைத்தார். "தெரிஞ்ச அன்னிலேர்ந்து பெருமாள் தளிகைக்கு அந்த ஜலத்தை எடுக்கலை. தெரியாம எடுத்ததுக்கு ரெண்டு நாள் பட்டினி கிடந்தேன், அது எனக்கும் பெருமாளுக்கும் உள்ளது. விரதத்துக்கு ஒண்ணும் குறைவில்லை."

"ஊருக்குப் போயிருவேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். எல்லார் முன்னாடியும் சொன்னேன். போனா, ஏன் போறேன்னு இவா கேப்பா. ஜெபதாஸ் இல்லைன்னு சொன்னான், இருந்ததுன்னு நான் சொல்லணும்." அவர் திரும்பவில்லை, பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு அது வாயில வரலை."

ஜெபதாஸ் படியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்ட மட்டும் கேட்டிருக்கலாம்லா சாமி. ஊரு உலகத்துல எல்லாத்தையும் கேக்கீங்க. இத ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க சொல்லிடுவேளே. பொய் சொல்லத் தெரியாத மனுஷனைக் கேள்வி கேக்கறது பாவம். அன்னிக்கு மண்ணு அடைச்சிருக்குன்னு சொன்னேள் பாருங்கோ, இந்த ஜன்னல்லேர்ந்தே உங்க மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கலை."

வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கஸ்தூரிரங்கன் தேங்காயும் கற்பூரமுமாக வந்துகொண்டிருந்தார், புதுத் தண்ணீருக்குப் பூஜை போட. நடையில் ஒரு அவசரம். வழியில் டேலோடு பேசிவிட்டு வந்திருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

"ஜெபதாஸ், அந்தக் கிழவர் என்னமோ லெதர் லெதர்ங்கறார், எனக்கு அவர் இங்கிலீஷ் பாதிதான் புரியறது" என்றார் மூச்சு வாங்க. பிச்சுமணியை ஒரு தரம் பயத்தோடு பார்த்துக்கொண்டார். "நம்ம கிணத்துல தோல் கீல் ஏதாவது இருந்ததா?"

பிச்சுமணி கரண்டியைக் கீழே வைத்தார். திரும்பாமலே நின்றார். இருந்தது என்று ஒரு சொல் வந்துவிட்டால் போதும், நாளைக்கு அவர் போய்த்தான் ஆக வேண்டும், எல்லார் முன்னாலும் சொன்ன சொல் அது. பானை நிரம்பி வழிந்து தொட்டியில் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஜெபதாஸ் எழுந்தார். நாற்பத்திரண்டு வயசு வரைக்கும் இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்லி வளர்த்த வாய். கஸ்தூரிரங்கனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். காது சிவக்கவில்லை, குரலும் பிசிறவில்லை.

"இல்ல சார்" என்றார்.

கஸ்தூரிரங்கன் பெருமூச்சு விட்டார். "ஜெபதாஸ் இல்லைன்னா இல்லைதான்" என்று சொல்லிக்கொண்டே தேங்காயை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார்.

பிச்சுமணி குழாயை மூடினார். துண்டை எடுத்து முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டார், பிறகு இன்னொரு தரம். அடுப்புப் புகை என்று சொல்ல முடியாது, அது கேஸ் அடுப்பு.

"கையை அலம்பிண்டு வாங்கோ" என்றார். "இலை போடறேன்."